பார்வைக்குப் போன நான்கு ரம்பங்கள்

கள்ளக்குறிச்சி
7.6.1987

அன்புள்ள அம்சா,

கடைசி லாரி நேற்றுக் காலை வந்து சேர்ந்தது. மெருகுச் சக்கரம், பட்டறைக்கல், அப்பா வாங்கிப் போட்ட தகடு வெட்டும் மெஷின் எல்லாம் இறக்கியாயிற்று. சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடி மட்டும் உடைந்துவிட்டது.

‘அயனாவரத்தில் இல்லாதது அங்கே என்ன இருக்கிறது?’ என்று புறப்படும் நாள் கேட்டாய். பதில் சொல்லாமல் லாரியில் ஏறிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

வாடகை அங்கே கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு. இடமோ நான்கு மடங்கு. கொல்லையில் கிணறு இருக்கிறது. காய்ச்சிய இரும்பை முக்கி எடுக்கத் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்க வேண்டாம். மின்சாரம் இங்கேயும் போகிறது, ஆனால் சொல்லிவிட்டுப் போகிறது. சத்தம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வரும் மாடி வீட்டுக்காரர் இல்லை. ரம்பத்துக்குக் கைப்பிடிக் கட்டை கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறது. நாம் அதிகமாகச் செய்வது கரும்பு வெட்டும் கத்தி. இங்கே ஊரைச் சுற்றிக் கரும்பு நிற்கிறது. அங்கே மூன்று கை மாறித்தான் விற்றோம். இங்கே விவசாயி சைக்கிளில் வந்து, கத்தியைத் தூக்கிப் பார்த்து, கோணல் என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறார். ஆட்கள் கருணாபுரத்திலிருந்து நடந்தே வந்துவிடுகிறார்கள். புகை கிடையாது. செல்வியின் மூச்சுத் திணறல் பாதி குறைந்துவிடும்.

வீடு பிடித்துவிட்டேன். பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். ஓர் அறைக்குப் பச்சை வண்ணம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன், செல்வி கேட்டபடி. எப்போது வருகிறீர்கள்?

உன்
இளஞ்செழியன்


சென்னை-23
14.6.1987

அன்புள்ள செல்வி அப்பாவுக்கு,

ஒன்பது நன்மைகள் எண்ணினேன். என் வேலை அதில் எங்கே வருகிறது என்று இரண்டு முறை தேடினேன். மாநகராட்சிப் பள்ளி டீச்சருக்குக் கள்ளக்குறிச்சிக்கு மாற்றல் கிடையாது. வருவதென்றால் பதினான்கு வருட வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். இதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிடிக்காததை எழுதாமல் விடுவது உங்கள் வழக்கம்.

ரேஷன் கடையில் ஆண்டாளைப் பார்த்தேன். அவள் வீட்டுக்காரர் பதினெட்டு வருடம் நம் மெருகுச் சக்கரத்தில் நின்றவர். இப்போது பெரம்பூரில் பஞ்சர் ஒட்டுகிறார். “இன்னாக்கா, கள்ளக்குறிச்சில எல்லாமே கம்மியாமே. நாங்க ஆறு பேருதான் ஜாஸ்தியாப் பூட்டமா?” என்றாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் வீட்டுக்காரர் ஒன்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சக்கரத்தில் யாரை நிறுத்தினாலும் ஒரு மாதம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். கத்தியின் கூர் மேலே பார்த்திருந்தால் சக்கரம் பிடுங்கி எறிந்துவிடுமாம்.

செல்விக்குப் போன வாரம் மறுபடி திணறல் வந்தது. ஆட்டோ பிடித்துப் பதினைந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். ஊசி போட்டதும் சரியாயிற்று. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அங்கே பெரிதாக ஏதாவது வந்தால் எங்கே போவேன், எத்தனை நிமிடத்தில்?

அம்சவள்ளி


கள்ளக்குறிச்சி
5.7.1987

அன்புள்ள அம்சா,

கேட்டதற்கு முதலில் பதில். ஊசி போட இங்கே டாக்டர் இருக்கிறார். பெரிதாக ஏதாவது என்றால் புதுச்சேரி. வாய்ச்சொல்லாக எழுதவில்லை. போன புதன்கிழமை சரக்கு ஏற்றிப்போன டெம்போவில் நானே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். தியாகதுருகம், எலவனாசூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், புதுச்சேரி. டீக்கு நிறுத்தியதையும் சேர்த்து இரண்டு மணி நாற்பது நிமிடம். ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள். வெயிலே தெரியாது.

சக்கரத்துக்கு ஆள் கிடைத்துவிட்டார். பெயர் காத்தான். கரியாலூர்ப் பக்கத்து மலைக்காரர். சாமை விதைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். அறுப்புக்கு ஏறிவிடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். “மெட்ராஸ்ல இத்தினி கத்தி செஞ்சிங்களே, அங்க இன்னாத்த வெட்டுனாங்க?” என்று கேட்டார். செல்விக்கு இருமல் என்றதும் ஒரு பாட்டில் மலைத்தேன் கொண்டுவந்தார். லாரி டிரைவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ரம்பத்துக்குப் பல் வைக்க ராமசாமி என்று ஒரு பெரியவர். அவர் மகள் கண்ணகி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தும் இரண்டு வருடமாக ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கவில்லை. “எங்க ஜனம் ஜாஸ்தி, சீட்டு கம்மி. கேட்டா வரிசைல நில்லுன்றான். வரிசை எங்க கீதுன்னு மட்டும் சொல்ல மாட்றான்” என்கிறார். ஞாயிறு தவறாமல் அவர்கள் சாதிச் சங்கக் கூட்டத்துக்குப் போகிறார்.

இந்த ஊரில் ரம்பத்தை யாரும் உடனே வாங்குவதில்லை. ‘பார்வைக்கு’ எடுத்துப் போவார்கள். ஒரு வாரம் மரம் அறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். வந்ததும் நான் “எப்படி அறுக்குது?” என்று கேட்க வேண்டும். கேட்காமல் பேச்சு தொடங்காது. போன வாரம் ஒருவர், “எங்க மாமியா நாக்கு கணக்கா அறுக்குதுங்க” என்று சொல்லி எடுத்துக்கொண்டார். இன்னொருவர், “வெண்ணெய அறுக்குது, மரத்த அறுக்கல” என்று சுவர் ஆணியில் திரும்ப மாட்டிவிட்டுப் போனார்.

என்னை மட்டும் இன்னும் ‘மெட்ராஸ்காரர்’ என்றே கூப்பிடுகிறார்கள்.

உன்
இளஞ்செழியன்


சென்னை-23
9.8.1987

அன்புள்ள செல்வி அப்பாவுக்கு,

தேன் வந்தது, தீர்ந்தும் விட்டது. காத்தான் மாமாவுக்கு எத்தனை தேன்கூடு சொந்தம் என்று உங்கள் மகள் கேட்கிறாள்.

இரண்டு மணி நாற்பது நிமிடத்தை இரண்டு நாள் யோசித்தேன். பதினைந்து நிமிடம் இல்லைதான். ஆனாலும் நீங்கள் கடிகாரத்தோடு போய் அளந்தது எனக்குப் பிடித்திருந்தது. காலாண்டுத் தேர்வு நெருங்கட்டும், முடிவு சொல்கிறேன்.

கண்ணகியின் மார்க் பட்டியலுக்கு ஒரு நகல் அனுப்புங்கள். இங்கே விசாரிக்கிறேன்.

காத்தானுக்கு யார் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்கள்? அதை நீங்கள் எழுதவில்லை.

அம்சவள்ளி


கள்ளக்குறிச்சி
10.9.1987

அன்புள்ள அம்சா,

மார்க் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதினேழாம் தேதியிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல் என்று சங்கம் அறிவித்திருக்கிறது. படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டு. டீக்கடை, முடிவெட்டும் கடை, எங்கே போனாலும் அதே பேச்சு.

நேற்று மாலை ராமசாமி பெரிய ரம்பம் நான்கு பார்வைக்கு வேண்டும் என்றார். இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கிற ரம்பம். வழக்கமாக ஒன்றுதான் கேட்பார்கள். என்ன மரம் அறுக்க என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. எடுத்துப் போகச் சொன்னேன். வாசலில் அவரோடு வந்து நின்ற கூட்டத்தில் ஒருவர், “மெட்ராஸ்காரரு குட்த்துட்டாரேப்பா” என்றார். ராமசாமி திரும்பி, “இன்னாடா மெட்ராஸ்காரரு? நம்ம மொதலாளின்னு சொல்லு” என்று அதட்டினார்.

மூன்று மாதத்தில் இதுதான் முதல் தடவை. நேற்று எனக்குச் சோறு ருசித்தது, அம்சா.

உன்
இளஞ்செழியன்


சென்னை-23
16.9.1987

அன்புள்ள செல்வி அப்பாவுக்கு,

வருகிறோம்.

ராஜினாமா எழுதிவிட்டேன். தலைமை ஆசிரியை லீவில் இருக்கிறார். திங்கட்கிழமை வந்ததும் கையில் கொடுப்பேன். நவம்பரில் அங்கே இருப்போம்.

உங்கள் ஒன்பது நன்மைகளுக்காக இல்லை. அயனாவரத்தில் இருந்த வருடமெல்லாம் நீங்கள் வீட்டுக்கு வந்து பேசியது கமிஷனும் கரண்டும்தான். இப்போது வரும் கடிதங்களில் மனிதர்கள் இருக்கிறார்கள். ராமசாமி அதட்டுகிறார், காத்தான் கேள்வி கேட்கிறார். அவர்களை எழுதுகிற ஆளோடு நான் குடித்தனம் நடத்தியதில்லை. நடத்திப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

செல்வி தன் பொம்மைகளைக் கட்டி வைத்துவிட்டாள். பச்சை நிறம் இளம் பச்சையா, இலைப் பச்சையா என்று எழுதச் சொல்கிறாள்.

அம்சவள்ளி


கள்ளக்குறிச்சி
27.9.1987

அன்புள்ள அம்சா,

உன் பதினாறாம் தேதிக் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. ராஜினாமாவைக் கொடுத்திராவிட்டால் கொடுக்க வேண்டாம். ரோடு இன்னும் சரியாகவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். பிறகு எழுதுகிறேன்.

இளஞ்செழியன்


சென்னை-23
1.10.1987

செல்வி அப்பாவுக்கு,

கொடுத்துவிட்டேன். இருபத்தோராம் தேதியே.

பேப்பரில் எல்லாம் படித்தேன். மரங்கள், துப்பாக்கிச் சூடு, எரிந்த குடிசைகள். பத்து நாள் உங்களிடமிருந்து ஒரு வரி வராமல் நானும் செல்வியும் எப்படி இருந்தோம் என்பதை எழுதப்போவதில்லை. ஆனால் வந்த கடிதத்தில் நாலு வரிதான் இருக்கிறது. பட்டறைக்கல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறவர் நீங்கள்.

இரண்டாம் முறை படித்தபோதுதான் தெரிந்தது. ஜூலையில் நீங்கள் எழுதிய காத்தான் அதற்குப் பிறகு எந்தக் கடிதத்திலும் இல்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. சாமை அறுக்கப் போனாரா, உடம்புக்கு ஏதாவதா, ஒன்றும் இல்லை.

என்ன நடந்தது?

அம்சவள்ளி


கள்ளக்குறிச்சி
6.10.1987

அன்புள்ள அம்சா,

காத்தான் இறந்துவிட்டார். செப்டம்பர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை, மாலை நாலே முக்கால் மணி. எலவனாசூருக்கு இந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டரில்.

மறியலில் பஸ் நின்றுபோனதால் அவரால் மலைக்குப் போக முடியவில்லை. பட்டறைக்கு வேறு யாரும் வரவில்லை. “சும்மா உக்காந்துகினு இருக்கறதுக்கு அம்பது கத்தி போட்டுடலாங்க” என்றார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சக்கரத்தை ஓட்டிவிட்டதே நான்தான். காலை ஒன்பது மணிக்குச் சக்கரம் கத்தியைப் பிடுங்கி அவர் தொடையில் எறிந்தது. ஆண்டாளின் வீட்டுக்காரர் சொன்னதைக் காத்தானுக்குச் சொல்லிக்கொடுத்தேனா என்று ஆகஸ்டில் கேட்டிருந்தாய். சொல்லிக்கொடுத்தேன். ஒரு தடவை.

டாக்டர் இறுக்கிக் கட்டுப் போட்டார். பெரிய ரத்தக்குழாய் அறுந்திருக்கிறது, நாலைந்து மணி நேரத்துக்குள் புதுச்சேரி போய்விடுங்கள் என்றார். நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், இரண்டு மணி நாற்பது நிமிடம்.

தியாகதுருகத்துக்கு முன்னாலேயே முதல் மரம் கிடந்தது. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத புளி. அறுத்த வாய் சுத்தமாக இருந்தது. நம் ரம்பம் என்று பார்த்ததும் தெரிந்தது. மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் ராமசாமியும் இருந்தார். டெம்போவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “அய்யய்யோ, நம்ம காத்தாண்டா” என்று கத்தினார். எல்லாரும் குதித்து இறங்கினார்கள். அதே ரம்பத்தால் அதே மரத்தை இரண்டு இடத்தில் அறுத்து, நடுத்துண்டை உருட்டித் தள்ளி, டெம்போ நுழைகிற அளவு வழி செய்ய ஒரு மணி நேரம் ஆயிற்று. ராமசாமி ரம்பத்தோடு வண்டியில் ஏறிக்கொண்டார்.

அடுத்த மரம் மூன்று கிலோமீட்டரில். அது வேறு ஊர் ஆட்கள். “ஒரு வண்டிய வுட்டா ஒம்போது வண்டி வரும்” என்றார் ஒருவர். ராமசாமி அவர் சட்டையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் இழுத்து வந்து, “பாரு. பாத்துட்டு அப்பறமாப் பேசு” என்றார். அந்த ஆள் பார்த்தார். போய் ரம்பத்தை எடுத்து வந்தார். அதுவும் நம்முடையதுதான். மரத்துக்கு மரம் இப்படியே. யாரும் மறுக்கவில்லை, அம்சா. மறுத்திருந்தால் கோபப்பட எனக்கு ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

காத்தான் தலை என் மடியில் இருந்தது. “அந்தக் கத்தி கோணிப் பூடுச்சாங்க?” என்று கேட்டார். இல்லை என்றேன். “பஸ்ஸு வுட்டதும் சாமை அறுக்கப் போவணும்” என்றார். பிறகு தண்ணீர் கேட்டார்.

ஐந்தாவது மரத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது அவர் கை குளிர்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. ராமசாமி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ரம்பத்தின் ஒரு முனையை இழுத்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் அறுத்திருந்தார்கள். முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். துண்டை உருட்டித் தள்ளிவிட்டு, “போலாம் மொதலாளி, ரைட்” என்று ஓடி வந்தார். அப்போதுதான் சொன்னேன்.

திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழி திறந்திருந்தது.

மறுநாள் கச்சிராயபாளையம் வரை உடலை மாட்டு வண்டியில் கொண்டுபோனோம். அங்கிருந்து மலைப்பாதையில் ராமசாமியும் மறியலில் இருந்த நாலு பேரும் மாறி மாறித் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். காத்தானின் மனைவி சாமியம்மாள் அழுது முடித்த பிறகு என்னைக் கேட்டார்: “இன்னாத்துக்குங்க ரோட்டுல மரத்த வெட்டுனாங்க?”

“படிக்கிறதுக்கும் வேலைக்கும் எடம் கேட்டு.”

“எங்களுக்கும் உண்டுங்களா?”

“உங்க மலை ஜனத்துக்கு ஏற்கெனவே குடுத்திருக்காங்கம்மா.”

“எப்பக் குடுத்தாங்க?” என்றார்.

ராமசாமி எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் பட்டறைக்கு வரவில்லை.

துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களின் பெயர்கள் பேப்பரில் வந்தன. காத்தான் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன் என்ற உன் கடிதம் வந்ததும், இதை எழுதாமலேயே உங்களை இங்கே வரவழைத்துவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இளஞ்செழியன்


சென்னை-23
13.10.1987

அன்புள்ள செல்வி அப்பாவுக்கு,

கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துத்தான் படித்தேன். மதியம் வகுப்பு எடுக்கவில்லை. தலைமை ஆசிரியை என் ராஜினாமாவை மேலே அனுப்பவில்லை. பத்து நாள் யோசி என்று மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ரம்பம் கொடுத்ததற்கு உங்களைத் திட்டப்போவதில்லை. ராமசாமியின் கோபம் நியாயமான கோபம். ஆனால் என்ன மரம் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மறுபடி மெட்ராஸ்காரர் ஆகிவிடுவோம் என்று பயந்தீர்கள். எனக்கும் உங்கள் மேல் அதே மாதிரி ஒரு பயம் இருந்தது. நீங்கள் எழுதாமல் விட்டதைக் கேட்டால் சண்டை வருமென்று எத்தனையோ வருடம் கேட்காமல் இருந்தேன்.

டெம்போவில் உங்கள் மடியில் செல்வியை வைத்து நான் பார்க்கவில்லை என்றால் அது பொய். இரண்டு மணி நாற்பது நிமிடம் உண்மைதான். ஒன்றும் நடக்காத நாளில் அளந்தது அது. என்னால் அவளை அங்கே கூட்டிவர முடியாது.

பட்டறையை மூடிவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆண்டாள் நினைவுக்கு வந்தாள். ஓர் ஊரில் ஆறு பேரை விட்டுவிட்டுப் போனீர்கள். இன்னோர் ஊரிலும் அப்படி விட்டுவிட்டு வர வேண்டாம். சாமியம்மாள் இருக்கிற வரைக்கும் நீங்கள் அங்கேதான் இருக்க வேண்டும்.

கண்ணகியின் மார்க் பட்டியல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஜூனில் நானே விண்ணப்பம் போடுகிறேன்.

செல்வி பொம்மைகளை இன்னும் அவிழ்க்கவில்லை. நானும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

அம்சவள்ளி


கள்ளக்குறிச்சி
25.10.1987

அன்புள்ள அம்சா,

நீ எழுதியது சரி. மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருகிறேன். இனிமேல் உங்களை வரச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

போன திங்கட்கிழமை சாமியம்மாள் மலையிலிருந்து இறங்கி வந்தார். இடுப்பில் பெண் குழந்தை. சாமையை ஒண்டியாக அறுத்து முடித்துவிட்டு வந்திருக்கிறார். “அவரு பாத்த வேலைய எனக்குக் குடுங்க” என்றார். சக்கரத்தில் நிற்க வேண்டாம், கைப்பிடிக்கு உப்புத்தாள் போடுகிற வேலை இருக்கிறது என்றேன். “அவரு நின்ன எடம் எதுங்க?” என்று கேட்டார். காட்டினேன். அங்கேயே உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்றார்.

நான் பிடித்து வைத்த வீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டேன். நான் பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறேன். குழந்தை அந்தப் பச்சை அறையில்தான் தூங்குகிறது. இலைப் பச்சை என்று செல்வியிடம் சொல்.

நேற்றுக் காலை ராமசாமி வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். நான்கு ரம்பத்தையும் எண்ணெய் தடவி, கோணியில் சுற்றித் தூக்கி வந்திருந்தார். ஒவ்வொன்றாகச் சுவரில் அதனதன் ஆணியில் மாட்டினார். பிறகு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்வைக்குப் போன ரம்பம் திரும்பி வந்தால் நான் ஒன்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் நின்றார். சாமியம்மாள் கைப்பிடிக் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

நான் கேட்கவில்லை. அவர் அரத்தை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

உன்
இளஞ்செழியன்